நாற்காலியில் ஒரு குடை

இரண்டு பள்ளிக்கும் ஒரே ஆசிரியை என்றானதிலிருந்து, சகாயமேரி டீச்சர் இங்கே நாற்காலியில் குடையை வைத்துவிட்டு அங்கே ஓடுவார். அங்கே கைப்பையை வைத்துவிட்டு இங்கே ஓடி வருவார். குடை இருந்தால் டீச்சர் இருக்கிறார் என்று பிள்ளைகள் வாயைத் திறக்காமல் எழுதும்.

இன்று ஆய்வுக்கு வந்த அதிகாரி டீச்சர் எங்கே என்று கேட்க, மொத்த வகுப்பும் குடையைக் காட்டியிருக்கிறது. டீச்சர் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது அதிகாரியின் முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க இல்லாமலே வகுப்பு நடக்குதேம்மா! அப்ப கீழத்தெரு ஸ்கூலையும் சேத்துப் பாத்துக்கங்க. அங்க ஆள் போட நிதி இல்ல."

"குடை இங்க, பை அங்க. மூணாவதுக்கு எதை சார் வைக்கிறது?"

"ஏதாவது வைங்க."

டீச்சர் குனிந்து செருப்பைக் கழற்றினார். அதிகாரி ஓரடி பின்னால் நகர்ந்தார்.