மணிக்கட்டு

தச்சர் அருளப்பனின் பையில் பழைய டிரில்லிங் மெஷினும் புதிதாக வந்த, ஸ்க்ரூ முடுக்கும் இம்பாக்ட் டிரைவரும் இருந்தன.

"எதுக்குப்பா வேலை செய்யறப்போ டகடகன்னு கத்துறே? நான் அமைதியாச் சுத்தலையா?" என்று சலித்துக்கொண்டது டிரில்லிங் மெஷின்.

அன்று தேக்குச் சட்டங்களை இணைக்க ஆறு அங்குல ஸ்க்ரூ போட வேண்டியிருந்தது. அருளப்பன் ஸ்க்ரூவைச் சோப்பில் தேய்த்துவிட்டு டிரில்லிங் மெஷினை எடுத்தார். பாதி தூரம் போனதும் ஸ்க்ரூ நின்றுவிட்டது. மெஷின்தான் சுழன்று அவர் கையைத் திருகியது. கையை உதறிக்கொண்டு இம்பாக்ட் டிரைவரை எடுத்தார்.

அது முதலில் சும்மாதான் சுற்றியது. ஸ்க்ரூ முரண்டு பிடித்ததும் அதன் உள்ளே இருந்த குட்டிச் சுத்தியல், சுற்றும் பக்கமாகவே தட்டத் தொடங்கியது. டகடகடக. ஸ்க்ரூ தலைவரை இறங்கிவிட்டது.

"உனக்கு எங்கேருந்துப்பா இவ்வளவு பலம்?" என்று வாயைப் பிளந்தது டிரில்லிங் மெஷின்.

"பலம் உங்களுக்கும் இருக்குண்ணே. ஸ்க்ரூ நின்னா உங்க முறுக்கு அவர் கைக்குப் போகுது. நான் எனக்குள்ளேயே அடிச்சுக்கிறேன். அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேக்குது."

அருளப்பன் அடுத்த ஸ்க்ரூவைச் சோப்பில் தேய்த்துக்கொண்டிருந்தார். கையை உதறவில்லை.

டிரில்லிங் மெஷின் அந்த மணிக்கட்டையே பார்த்தது. பத்து வருஷமாக வேலை முடிந்ததும் அவர் அதில் தைலம் தேய்ப்பார். அவருக்கு வயசாகிவிட்டது, அந்த வலிதான் என்று மெஷின் நினைத்திருந்தது.