துணைக்கு வந்தவர்

விமானம் மறுபடியும் தூக்கிப் போட்டது. அவன் பக்கத்தில் இருந்த மனைவியின் கையை இறுகப் பற்றிக்கொண்டான்.

“மூச்சை இழுத்து விடுங்க. பஸ் மேடு பள்ளத்துல போறதில்லையா? அதே மாதிரிதான்” என்றாள் அவள்.

“பஸ் விழுந்தா ரோட்டுல விழும். இது எங்கே விழும்?”

அவள் சிரித்துவிட்டாள். “இருபது வரைக்கும் எண்ணுங்க, நின்னுடும்.”

விளக்குகள் அணைந்தன. பின்வரிசையில் யாரோ வாய்விட்டு அழுதார்கள். அவன் கண்களை மூடிக்கொண்டு எண்ணினான். பதினேழில் குலுக்கல் நின்றது.

தரையிறங்கியதும் விமான நிலைய ஊழியர் ஒருவர் கையில் தாளோடு உள்ளே வந்தார்.

“பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத பயணி ஒருத்தர், துணைக்கு ஒருத்தர்னு போட்டிருக்கு. உங்க ரெண்டு பேர்ல துணைக்கு வந்தவர் யாருங்க?”

அவன் அந்தக் கேள்வியை மனைவியின் உள்ளங்கையில் விரலால் ஒவ்வோர் எழுத்தாக எழுதினான். வழியெல்லாம் அவளிடம் அவன் பேசி வந்ததும் இப்படித்தான்.

அவள் ஊழியர் நின்ற பக்கம் திரும்பாமல், முன் இருக்கையின் பக்கமாகவே புன்னகைத்தாள்.

“நான்தாங்க. இவரைக் கொஞ்சம் மெதுவா இறக்கணும். கை இன்னும் நடுங்குது.”