செருப்பின் மேல் பழி

"முன்னெல்லாம் மனுஷன் விழுந்தா கை கொடுத்துத் தூக்குவாங்க. இப்ப என்னடான்னா, ஏன் விழுந்தேன்னு ஆராய்ச்சி பண்றாங்க."

அடிபட்ட இடத்துக்குக் கீழே தலையணையை வைத்து உட்கார்ந்தபடி பெரியவர் முணுமுணுத்தார். முந்தின நாள் அவர் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு எல்லாரும் ஓடி வந்தபோது மாடிப்படிக்கு அடியில் கிடந்தார்.

மகன் விடவில்லை. "கால்ல பலம் இல்லப்பா. அதான் படியில வழுக்கியிருக்கு. நாளைக்கே கீழ் ரூமுக்கு வந்துடுங்க."

கீழ் அறை என்றால் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்து அறை. மாடி அறையோ அவருடைய ராஜ்ஜியம். ரேடியோவை எவ்வளவு சத்தமாக வைத்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. அதை விட்டுக் கொடுப்பதற்குப் பதில் இன்னொரு தடவை விழுந்துவிடலாம்.

"அவசரப்படாதீங்க," என்றாள் மருமகள். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். "வழுக்கினது காலா, செருப்பான்னு பாத்துடலாம்."

படிக்குப் போட்டதில் மிஞ்சிய டைல்ஸ் ஒன்றைப் பலகையில் ஒட்டினாள். அதன்மேல் மாமனாரின் செருப்பு. செருப்புக்குள் ஒரு சர்க்கரைப் பொட்டலம்.

"இது என்னம்மா?"

"நீங்கதான் மாமா. எடைக்கு."

"அப்ப எறும்பு வந்து என்னைத் தூக்கிட்டுப் போகும்னு சொல்லு."

பலகையின் ஒரு முனையைத் தூக்கி, அடியில் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். மூன்றாவது புத்தகத்துக்கே செருப்பு சர்ரென்று இறங்கியது. அடுத்து மகனின் செருப்பு. அதே பலகை, அதே பொட்டலம். புத்தகங்கள் ஏறிக்கொண்டே போயின. அது அசைவேனா என்றது.

"பாத்தீங்களா? செருப்பைத் தவிர வேற எதையும் நான் மாத்தல. மாமா செருப்பு அடியில தேஞ்சு, உராய்வே இல்லாமப் போச்சு. அவர் காலுக்கு ஒண்ணுமில்ல."

மகன் அந்தச் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்பாடா. நரம்புக் கோளாறோ என்னமோன்னு ராத்திரியெல்லாம் தூங்கலப்பா. சரி, நீங்க மாடியிலேயே இருங்க. புதுச் செருப்பு வாங்கிடலாம்."

பெரியவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"சர்க்கரைப் பொட்டலம் சாட்சி சொல்லுமாம், படிச்சவங்க நம்புவாங்களாம். நல்ல படிப்பு," என்று எழுந்து படியேறினார்.

பின்னே? யாரும் கவனிக்காத நேரம் பார்த்து, கைப்பிடிக் கட்டையில் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு ஜோராகச் சறுக்கி இறங்குகிறவருக்குச் செருப்பு தேய்ந்தால் என்ன, தேயாவிட்டால் என்ன?