பத்து விரல்கள்

அட்டுவம்பட்டி கம்ப்யூட்டர் சென்டருக்குள் மூடுபனி புகுந்து திரையின் வெளிச்சத்தில் மிதக்கிறது. கடைக்காரன் வேல்ராஜ் நேற்று கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸைப் புதிதாக ஏற்றி, இன்று காலையில் அப்டேட்டும் போட்டான். அதிலிருந்து ரேகை வைக்கும் கருவியில் சிவப்பு விளக்கு எரியவில்லை. கருவியே இல்லை என்று திரை ஆங்கிலத்தில் சொல்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவன் அங்கே அவன் ஒருவன்தான். "பூண்டு உரிச்சு உரிச்சு ரேகையெல்லாம் தேஞ்சு கெடக்கு. பத்து விரலையும் தேச்சுக் கழுவிட்டு வாங்க" என்கிறான் எதிரில் நிற்பவளிடம், வரிசைக்கே கேட்கும்படி. உயிரோடு இருப்பதாக ரேகை வைத்தால்தான் விதவை பென்ஷன் தொடரும். இன்று கடைசி நாள். பள்ளங்கியிலிருந்து வந்திருக்கும் பொன்னுத்தாய் வாசல் குழாயின் விறைக்கும் தண்ணீரில் கையை நனைத்துச் சிமெண்டுத் தரையில் தேய்க்கிறாள்.

"இப்பப் பாருங்க தம்பி."

"பத்தாது."

வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். அவளும் கூடச் சிரித்துவிட்டு நான்காவது முறையாகக் குழாய்க்குப் போகிறாள். முதுகு திரும்பியதும் அவன் கறுப்புத் திரையில் கட்டளைகளை மாற்றி மாற்றி அடிக்கிறான். அப்டேட்டில் விடுபட்டிருந்த, கருவியை இயக்கும் டிரைவர் ஒருவழியாக ஏறுகிறது, விளக்கு எரிகிறது.

"வெரசா வாங்க!"

ஓடி வந்து, தோல் உரிந்த கட்டைவிரலைக் கண்ணாடியில் அழுத்துகிறாள். பிறகு அடுத்த விரல். பிறகு அடுத்தது. பத்தும் முடிகின்றன. இப்போது திரையும் அவன் சொன்னதையே சொல்கிறது: ரேகை தெளிவாக இல்லை. வேல்ராஜ் கண்ணாடியில் ஒட்டிய ரத்தத்தைத் துடைக்கிறான்.

"நான் அப்பவே சொன்னேன்ல?"

பொன்னுத்தாய் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொள்கிறாள்.

"ஒங்க மேல என்ன தப்பு, தம்பி."