சுவருக்குள் போன குழாய்

நீங்கள் விருந்துக்குப் போன வீட்டில் சுவர் வியர்த்துப் பார்த்திருக்கிறீர்களா? மலையடிவாரத்து எறும்பு சித்தாயி பார்த்தாள். நகரத்தில் வாழும் தங்கை செவந்தி முட்டையிட்டிருக்கிறாள் என்று பார்க்க வந்திருந்தாள்.

"என்னடி, இப்படி ஈரம்?"

"உங்க ஊர் மாதிரி குழாயை வெளியே தொங்கவிட்டு மானத்தை வாங்க மாட்டாங்கக்கா. இங்கே எல்லாம் சுவருக்குள்ளே. எங்கேயோ ஒழுகுது."

"எங்கேன்னு கட்டினவருக்குத் தெரியாதா?"

"பூசி மறைச்சதும் அவரே மறந்துட்டார். மூணு சுவரை உடைச்சுப் பார்த்தாச்சு."

"எங்க ஊரில் ஒழுகினா குழந்தைகூட விரலை நீட்டிக் காட்டும்டி."

"பார்க்க அழகா இருக்க வேண்டாமா? பட்டிக்காடு!"

அப்போது நாலாவது சுவரில், செவந்தியின் முட்டைகள் இருந்த விரிசலுக்கு நேராகவே, கொத்தனார் உளியை வைத்தார்.

செவந்தி அலறினாள்: "அக்கா, ஓடிவந்து முட்டைகளைக் கவ்வு! எங்களை உன் ஊருக்கே கூட்டிக்கிட்டுப் போயிடு, புண்ணியமாப் போகும்!"