கிளாடிஸ் வீட்டைக் குறைத்த கதை

"மைனி, முத்துநகர் எக்ஸ்பிரஸ் வந்து அரை மணி நேரம் ஆச்சு! அண்ணன் இப்ப வந்துருவான். அந்தக் கண்ணாடி அலமாரியில எதையாவது தூக்கி வைங்க!" என்று பதறினாள் நாத்தனார் விஜிலா.

"எதை வைக்க? வீட்ல இருக்கதே நாலு தட்டு, நாலு தம்ளர்" என்றாள் கிளாடிஸ்.

"அதையாவது வைங்க."

கிளாடிஸுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வாசலையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

அவள் கணவன் ஜோன்ஸ் சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருடத்தில் ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் மில்லர்புரம் வீடு. ஒவ்வொரு முறை வரும்போதும் வெளிநாட்டுச் சாமான்களோடுதான் வருவான். கம்பளி, பாடுகிற கடிகாரம், கலர் விளக்கு, காபி மெஷின் மட்டும் மூன்று. இந்த வீட்டில் யாரும் காபி குடிப்பதில்லை. எடை கூடும் என்று அட்டைப்பெட்டிகளைக் கப்பலிலேயே பிரித்துப் போட்டுவிட்டு வருகிற விவரமான ஆள். பன்னிரண்டு வருடத்தில் வீட்டுக்குள் ஆள் நடக்க இடமில்லாமல் போனது.

இதற்கு வழி தேடித்தான் கிளாடிஸ் இன்ஸ்டாகிராமுக்குள் போனாள். வீட்டை அடுக்குவது பற்றி ஒரு வீடியோ பார்த்தாள்; பதினெட்டு பிளாஸ்டிக் டப்பா வாங்கினாள். எளிமையாக வாழ்வது பற்றி இன்னொரு வீடியோ பார்த்தாள். குறித்து வைக்க மூன்று டைரி வாங்கினாள். டைரியை வைக்க இடமில்லை.

"எளிமைக்காக இம்புட்டுச் சாமான் வாங்கினவ உலகத்துலயே நான் ஒருத்திதான்" என்று தலையில் அடித்துக்கொண்டவளுக்கு, அதன் பிறகுதான் புத்தி வந்தது. சேலைக்கடை, நகைக்கடைப் பக்கங்களை எல்லாம் தூக்கினாள். எளிமையாக வாழ்கிற ஐந்து பேரை மட்டும் வைத்துக்கொண்டாள். குக்கர் அடுப்பில் இருக்கும்வரைதான் போன். மூன்றாவது விசிலுக்குப் போனை மூடிவிட வேண்டும்.

பிறகு பேரும் முகமும் காட்டாமல் தானே ஒரு பக்கம் தொடங்கினாள். தினம் ஒரு சாமானின் படம். வேண்டியவர்கள் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம். ஜோன்ஸ் காதுக்குப் போய்விடக் கூடாது என்று, எல்லாவற்றையும் தோழி சுடலைச்செல்வியின் தையல் கடையில் வைத்துவிடுவாள். வருகிறவர்கள் அங்கே வாங்கிக்கொள்வார்கள். தினம் ஒன்று என்றுதான் ஆரம்பித்தாள். லைக் குவியக் குவிய அது ஏழு, எட்டு என்று ஆனது. குக்கரும் ஐந்தாறு விசில் அடித்தது. சோறு குழைந்ததுதான் மிச்சம்.

"உங்க அண்ணன் பாவம் விஜிலா. தெரியாத ஊர்ல கடை கடையா ஏறி இறங்கி, எனக்குப் பிடிக்குமான்னு யோசிச்சு யோசிச்சு வாங்கினது. ஒண்ணு விடாம தூக்கிக் கொடுத்துட்டேனே." கிளாடிஸ் காலி அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். "வீடு காலியா இருக்கேன்னு வருத்தப்பட மாட்டாரு. அவரையே வேண்டாம்னு சொன்ன மாதிரி நினைச்சுட்டார்னா?"

"மாதா கோயில்ல மெழுகுதிரி கொளுத்திட்டுத்தான வருவான்? எப்பவும் லேட்டாத்தான் ஆகும். நான் ஓடிப் போயி எங்க வீட்ல இருந்து நாலு பொம்மையாவது…"

வாசல் கேட் திறந்தது. தோளில் ஒரே ஒரு பையுடன் உள்ளே வந்த ஜோன்ஸ், அலமாரியைப் பார்த்து அப்படியே நின்றான்.

"ஏளா, திருடன் எவனும் வந்தானா?"

"திருடன் இல்லைங்க, நான்தான்!" கிளாடிஸ் அழுதேவிட்டாள். "வீடு நிறைஞ்சு போச்சுன்னு எல்லாத்தையும் கொடுத்துட்டேன். திட்டணும்னா திட்டிருங்க. பேசாம மட்டும் இருந்துராதீங்க."

ஜோன்ஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். கோபப்படுவான் என்று பார்த்தால், அவன் முகத்தில்தான் திருட்டு முழி.

"நானும் ஒண்ணு சொல்லணும்ளா. எங்க கப்பல் எந்த ஊர்லயும் பத்து மணி நேரத்துக்கு மேல நிக்காது. கீழ இறங்கவே நேரம் கிடையாது. நான் வெளிநாட்டுக் கடை ஒண்ணுல கூடக் கால் வச்சதில்ல."

"அப்போ அம்புட்டுச் சாமானும்?"

"முதல் தடவ வெறுங்கையோட வந்தேன். உன் மூஞ்சி வாடிப் போச்சு. என்னால தாங்க முடியல. மத்த கப்பல்காரங்க வீட்ல வேண்டாம்னு போன்ல படம் போடுத சாமானை எல்லாம் என் சேக்காளி டிக்சன் எடுத்து வைப்பான். மாதா கோயில்னு உங்ககிட்ட சொல்லிட்டு, ரயில்ல இருந்து இறங்குனதும் நேரே அவன் வீட்டுக்குப் போயிதான் அள்ளிட்டு வருவேன்."

விஜிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிளாடிஸுக்கு வெட்கமாகப் போயிற்று. பன்னிரண்டு வருடமாகச் சேர்ந்த குப்பை அத்தனையும் தன் மூஞ்சி ஒரு நாள் வாடியதால் வந்தது என்று நினைத்தபோது, அழுகையோடு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது.

"நீங்க வந்தா மட்டும் போதும். இனிமே ஒரு துரும்பும் கொண்டு வர வேண்டாம்."

"இந்தத் தடவ மட்டும் பொறுத்துக்களா" என்று தலையைச் சொறிந்தான் ஜோன்ஸ். "பேரும் முகமும் தெரியாத யாரோ ஒரு மகராசி, வீட்டையே காலி பண்ணிட்டாளாம், டிக்சன் ஒண்ணு விடாம வாங்கி மூட்டை கட்டி வச்சிருந்தான்… லோடு ஆட்டோ வாசல்ல நிக்குது, வந்து ஒரு கை பிடி!"