தட்டுப்போர்ச் சாரை

“ஏன்டா செங்கோடா, இன்னைக்காச்சும் அந்தப் பாம்பை அடிப்பியா, மாட்டியா?”

வாசல் கட்டிலில் உட்கார்ந்தபடியே கத்தினார் பெரியசாமி. மூன்று வாரமாக இதே பாட்டு. மகன் செங்கோடனுக்குக் காது புளித்துவிட்டது.

“அது வெறும் சாரைங்கப்பா. நாகமாட்டம் படமெடுக்காது. பெரிய கண்ணு, வாயோரம் கறுப்புக் கோடு. எத்தனை வாட்டிங்க சொல்றது? சோளத்தட்டுப் போர்ல அது இருக்கறதாலதான் கடலைக்காய்க்கு எலி வாரதில்லை.”

“எலியைத் திங்கட்டும்டா. மாட்டுக் கால்ல சுத்திக்கிட்டுப் பாலைக் குடிக்குதே? ரெண்டு படி கறந்த மாடு ஒரு படிதான் கறக்குது!”

“சாரை பால் குடிக்கறதை ஆரு பார்த்தா?”

“நான் பார்த்தேன்டா, இந்த ரெண்டு கண்ணால!”

செங்கோடனுக்கு அலுப்பாக இருந்தது. சாரை பால் குடிக்கும் என்று ஊரே நம்புகிறது. பிறந்ததிலிருந்து பாம்புகளோடு இந்தத் தோட்டத்தில் கிடப்பவன் அவன். உள்பக்கம் வளைந்த அந்தப் பல் மடியில் பட்டால் மாடு உதைத்தே கொன்றுவிடாதா?

ஆனால் விடிகாலையில் மனைவி மயிலம்மாள் கறக்கப் போனால் மடி பாதி வற்றியிருப்பது நிஜம். யாரோ முன்னாலேயே கறந்துவிடுகிறார்கள். அது யார் என்று அவனுக்குத் தெரியும் என்றே நினைத்தான். சாணி வழித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தான். அவள் நிமிரவே இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி பச்சமுத்துவின் வீடு. தம்பி பெண்டாட்டிக்குக் காய்ச்சலில் பால் வற்றிப் போய், கைக்குழந்தை ராப்பகலாக அழுதது. மூன்று வாரமாகத்தான் அழுகை அடங்கியிருக்கிறது.

போன தேர்தலில் அப்பன் சொன்ன கட்சிப் பெட்டியை விட்டுவிட்டு எதிர்க்கட்சியின் மஞ்சள் பெட்டியில் ஓட்டுப் போட்டான் என்று பச்சமுத்துவைத் தள்ளி வைத்தவர் பெரியசாமி. இங்கிருந்து அங்கே பச்சைத் தண்ணீர்கூடப் போகக் கூடாது என்று மகனையும் மருமகளையும் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். சத்தியம் மீறியது தெரிந்தால் மயிலம்மாளை வீட்டைவிட்டே துரத்திவிடுவார்.

“நீ அடிக்கறியா, இல்ல ஊர்ல நாலு பேரைக் கூட்டியாந்து போரைப் பிரிக்கட்டுமா?”

நாலு பேர் வந்தால் நாலு கேள்வி வரும். செங்கோடன் பெருமூச்சோடு தடியை எடுத்தான். பாவம், வாயில்லா ஜீவன். அவனுக்கு அழுகையே வந்தது.

போரை நெருங்கியபோது பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்தாள் மயிலம்மாள்.

“ஏனுங்க, வேண்டாமுங்க. நீங்க பண்ணுன காரியத்துக்கு அது ஏனுங்க சாகோணும்?”

“நான் பண்ணுனதா?”

“கொழுந்தனார் ஊட்டுக்கு நீங்க பால் கொண்டுபோறது எனக்குத் தெரியாதுங்களா? நல்ல காரியந்தானேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.”

“அடக் கெரகமே! நீதான் குடுக்கறேன்னு நெனச்சு, உன்னைக் காப்பாத்தத்தானே புள்ள இந்தத் தடியையே எடுத்தேன்!”

“நானா? சாமி சத்தியமா இல்லீங்க!”

“அப்பறம் ஆரு?” என்று தடியைத் தாழ்த்தினான் செங்கோடன்.

“அங்க என்னடா குசுகுசுன்னு பேச்சு?” என்று பெரியசாமியே எழுந்து வந்துவிட்டார். வேலியை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

“அடிக்கறதுன்னா சத்தமில்லாம அடிச்சுத் தொலை. கொழந்தை இப்பத்தான் வயிறு நெறயக் குடிச்சுப்போட்டுத் தூங்குது.”